காண்டாவனத்தில் ஒரு கண்ணாடி

என் அக்காவின் மகன் லவன் ரீவியைக் கண்டுபிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர் வேலணையில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள், அதற்கு நான்தான் காரணம் என்றும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. "ரீவிக் கண்ணாடிக்குள்ள இருக்கிற சாமானை ஜப்பானில ஆராய்ச்சி செய்யிறான்" என்று சந்தையில் இரண்டு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். அது பக்கத்து ஊர் மண்கும்பான் வரை போய்த் திரும்பி வரும்போது தொலைக்காட்சியையே கண்டுபிடித்ததாக ஆகிவிட்டது. ஊர் வாய்க்கு நான் என்ன செய்ய?

இது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வைகாசி மாதம். சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்து, வெளிநாட்டுச் சனமெல்லாம் ஊர் பார்க்க வந்துகொண்டிருக்கிற நேரம். லவனும் வந்தான். அவனுடைய தாய் கனடாவில் மகளோடு இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவன் வந்து இறங்க எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. பஸ்ஸால் இறங்கி, வெளுத்துப்போய், சட்டையெல்லாம் வியர்வையோடு வாசல் படலையடியில் நின்றவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன சின்னம்மா, அழுறியள்?"

"பின்னை, சிரிக்கச் சொல்லுறியோ? எலும்பும் தோலுமாய் வந்து நிக்கிறாய். உந்த ஜப்பான்காரர் சோறு போடுறேல்லையே?"

அன்றைக்கே நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பையைத் திறந்து ஒரு சாமானைக் காட்டினான். உள்ளங்கை அளவு கண்ணாடி. இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மயிர் போல இரண்டு கம்பி. எனக்கு அது உடைந்த யன்னலின் துண்டு மாதிரித்தான் தெரிந்தது. அப்படிச் சொல்லவும் செய்தேன்.

"இதுக்குள்ளதான் சின்னம்மா என்ர ஆறு வருசம் இருக்கு" என்றான். "திரவப் பளிங்கு எண்டு ஒரு சாமான். தண்ணி மாதிரி ஓடும். ஆனா உள்ளுக்கு இருக்கிற துணிக்கையள் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி ஒரே பக்கம் பாத்து வரிசையில நிக்கும். கரண்ட் குடுத்தாத் திரும்பும். அது திரும்பிறதாலதான் எழுத்துத் தெரியுது. கல்குலேற்றர், மணிக்கூடு, இப்ப வாற தட்டை ரீவி எல்லாத்திலயும் இதுதான்."

"அது ஏற்கெனவே இருக்கெண்டால் நீ என்ன செய்யிறாய்?"

"ஓடுற சாமான் எண்டபடியா அமத்தினாக் கலையும். கல்குலேற்றரை விரலால அமத்திப் பாருங்கோ, கறுப்பாய் ஓடும். நான் அதுக்குள்ள ஒரு பொடியைத் துளியளவு போட்டு, சூடாக்கி, ஆறவிடுறன். ஆறேக்க அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத நூலாய் வலை பின்னும். சாமான் ஜெலி மாதிரி உறைஞ்சிடும். பேந்து வரிசை லேசில கலையாது. எழுத்துச் சட்டெண்டு வரும். வெளிச்சமாயும் இருக்கும்."

"ஆக, ஜெலி காய்ச்சத்தான் ஜப்பானுக்குப் போனனீ" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கரண்ட் கொடுத்தால் அந்தக் கண்ணாடியில் 'வேலணை' என்று வெள்ளையாக எழுத்து வருமாம். ஆராய்ச்சிக்கூடத்தில் தன் வேலை முடிந்தபிறகு, ஊருக்குக் கொண்டுவரவென்று தனியாக இருந்து செய்தது என்றான். கொழும்பில் ஒரு கூட்டாளி வீட்டு ஏசி அறையில் போட்டுப் பார்த்ததாகவும், அச்சொட்டாக வேலை செய்ததாகவும் சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. எத்தனை பிள்ளைகள் வெளியே போய் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள்!

இனி என் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கண்டு என்றால் பலருக்குத் தெரியாது, மைக்செற் மார்க்கண்டு என்றால் தீவு முழுக்கத் தெரியும். ஒலிபெருக்கியும் ஜெனறேற்றரும் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் பக்கம் கரண்ட் வந்தும் வராமலும் இருக்கிற காலம். கலியாணமோ சாவோ, இவருடைய இஞ்சின் போகாமல் நடக்காது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடினபோது மற்றவர்கள் நகையைத் தாட்டார்கள். இவர் இஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, சாக்கால் சுற்றி, மாட்டுக்கொட்டிலுக்குள் தாட்டார். ஆறு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து கிண்டியெடுத்தபோது முதல் இழுவையிலேயே பிடித்தது என்று எல்லாருக்கும் சொல்லுவார். முதல் இழுவையில் இல்லை, நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் பிடித்தது.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளிச்சமும் ஒலிபெருக்கியும் எப்போதும் இவருடையதுதான். அதில் வருகிற வருமானத்தை விடுங்கள், பாதி மண்ணெண்ணெய்க்கே போய்விடும். பத்து நாளும் வீதியில் சனம் இவரைத்தான் கூப்பிடும். "மார்க்கண்டு அண்ணை, தேரடியில வெளிச்சம் காணாது." "மார்க்கண்டு அண்ணை, பிள்ளை ஒண்டு துலைஞ்சிட்டுது, மைக்கில சொல்லுங்கோ." அதிகம் பேசாத மனுசன். அந்தப் பத்து நாளும் முகம் வேறாக இருக்கும். பிள்ளை இல்லாத மனுசனுக்கு ஊரில் ஓர் இடம் இருந்ததென்றால் அது அந்தத் திருவிழாதான்.

கோயிலுக்குத் தலைவர் அம்பலவாணர். இளைப்பாறிய அதிபர். சனசமூக நிலையத்துக்கும் அவரே தலைவர். லவன் வந்த செய்தி கேட்டதும் கௌரவிப்பு விழா வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லவன் வேண்டாம் என்றான். நான்தான் "ஊர் மதிக்கேக்க ஓமெண்டு சொல்லு, பெரிய லெவல் காட்டாதை" என்று அதட்டி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, சனசமூக நிலையத்துத் தகரக் கொட்டகைக்குள். காண்டாவன நாட்கள். வருடத்தில் அதைவிடப் பெரிய வெக்கை கிடையாது. பனையோலை கூட அசையாது. தகரம் மேலே கொதிக்க, கீழே சனம் நோட்டீசால் விசிறிக்கொண்டு இருந்தது. அந்த அவியலுக்குள் லவனுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துப்பா படித்தார்கள். பாவம், பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான். ஒரு பேப்பர்க்காரப் பெடியன் படமெடுத்தான். நான் முன்வரிசையில் புதுச் சீலையோடு இருந்தேன். அக்கா இல்லாத குறைக்கு நான்தானே தாய்.

லவன் மேசையில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் கண்ணாடியை வைத்தான். அதை ஒரு சின்னப் பெட்டியோடு தொடுத்து, பெட்டியை இவருடைய வயரோடு தொடுத்தான். இவர் வெளியே இஞ்சினடியில் நின்று கை காட்டினார். "இப்ப பாருங்கோ" என்று சொல்லி லவன் சுவிச்சை அமத்தினான்.

ஒன்றும் வரவில்லை.

திரும்ப அமத்தினான். வயரைக் கழற்றிப் பூட்டினான். கண்ணாடி வெறும் கண்ணாடியாகவே கிடந்தது, கீழே கறுப்புத் துணி மட்டும் தெரிந்தது. பின்னுக்கிருந்து ஒருவன், "எங்கையடா ரீவி?" என்று கேட்டான். சிரிப்பு எழும்பியது. எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. லவன் குனிந்து கண்ணாடியில் விரலை வைத்தான். உடனே விரலை எடுத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவன் சுவிச்சைத் தொடவே இல்லை.

அம்பலவாணர் எழும்பி மைக்கை வாங்கினார். "சபையோர் மன்னிக்க வேணும். தம்பியின்ர கண்ணாடியில ஒரு குறையும் இல்லை. ஜப்பானில செய்த சாமான் பிழைக்காது. குறை எங்கட பக்கம். ஓட்டை இஞ்சினை வைச்சு ஊரின்ர மானத்தைக் கப்பலேத்திப்போட்டம். மார்க்கண்டு, எத்தினை தரம் உனக்குச் சொன்னனான், உதை மாத்து எண்டு? இந்த முறை அம்மன்ர திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தில நல்ல செற் ஒண்டு பிடிப்பம். என்ன, சரிதானே?"

சனம் கைதட்டியது. இவருடைய மைக்கில், இவருடைய ஹோர்னில், இவரையே ஏசினது சந்தி வரைக்கும் கேட்டது. கைதட்டினவர்களில் நானும் இருந்திருப்பேன் போல, அவ்வளவு ஆத்திரம் எனக்கு. எழும்பி வெளியே போய், இத்தனை பேருக்கு முன்னால், "உந்த இரும்பைக் கொண்டுபோய்ச் சாட்டிக் கடலுக்குள்ள தள்ளுங்கோ! பிள்ளையை வெக்கப்படுத்திப்போட்டியள்" என்று கத்தினேன். இவர் இஞ்சினை நிற்பாட்டி, வயரைச் சுற்றத் தொடங்கினார். லவன் மேடையில் மாலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு இஞ்சின் கொட்டிலுக்குள் போய் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினார். அடுத்த நாள் காலையும் அதே வேலைதான். சாக்கை விரித்து ஆணி, வளையம், வயர் என்று வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். தேத்தண்ணி கொண்டுபோனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மார்க்கண்டு அண்ணை, இஞ்சினுக்குப் பிரேத பரிசோதனையோ?" என்று பகிடி விட்டார்கள். பேப்பரில் லவனுடைய படம் வந்திருந்தது. 'மின்பிறப்பாக்கியில் ஏற்பட்ட கோளாறினால் செயல்விளக்கம் தடைப்பட்டது' என்று கீழே ஒரு வரி. அதை நான் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

மத்தியானம் நான் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். லவன் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விடிந்ததிலிருந்து அறைக்குள்ளேயே கிடந்தவன்.

"சின்னம்மா, சித்தப்பாவை அதை விடச் சொல்லுங்கோ."

"நான் சொன்னாக் கேக்கிற மனுசனே? பிழையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்."

"பிழை அங்க இல்லை."

நான் திருவுகிறதை நிற்பாட்டினேன்.

"இஞ்சின் நல்ல இஞ்சின்" என்றான். "பிழை வெக்கையில. முப்பத்தஞ்சு பாகைக்கு மேல சூடு ஏறினா உள்ளுக்கு இருக்கிற பளிங்கு வரிசையை விட்டிடும், வெறும் எண்ணெய் மாதிரி ஆகிடும். நான் போட்ட ஜெலிவலை அறாது, வலை அப்படியே நிக்கும். ஆனா வலைக்குள்ள வரிசையில நிக்க ஒண்டும் இல்லை. பேந்து என்ன கரண்ட் குடுத்தாலும் எழுத்து வராது. ஆறினாத் தானா வரும். மேடையில கையை வைச்ச உடனை விளங்கிட்டுது."

"உடனையோ?"

"ஓம்."

"விளங்கியும் நிண்டனீ? அந்தாள் மைக்கில உன்ர சித்தப்பனை நாய் மாதிரி ஏசேக்க, நீ மாலையைப் போட்டுக்கொண்டு நிண்டனீ?"

அவன் தலையைக் குனிந்தான். "வெக்கை தாங்கிற பளிங்கும் இருக்குச் சின்னம்மா. கையில கிடைச்சதைப் போட்டனான். எங்கட அறை அங்க வருசம் முழுக்க ஒரே குளிர். நான் இஞ்ச பிறந்தனான். சின்னனில இந்த வெயிலுக்குள்ளதானே ஓடித் திரிஞ்சனான். ஊருக்கெண்டு செய்தன், ஊரின்ர பேரை எழுதினன், ஊரின்ர வெக்கை மட்டும் என்ர மண்டையில வரவேயில்லை. மேடையில வியர்வையைத் துடைச்சுத் துடைச்சே நிண்டனான், அப்பவும் வரேல்லை. எப்பிடிச் சொல்லுறது? படிச்சுப் பிழைவிட்டவன் எண்டு சொன்னாப் பரவாயில்லை. வெயிலை மறந்துபோனான், ஊரை மறந்துபோனான் எண்டெல்லே சொல்லுவினம்."

எனக்கு அவனைத் தூக்கி ஒரு அறை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. வெளியே கொட்டிலுக்குள் இவர் ஒரு ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது யன்னலால் தெரிந்தது. அந்த மனுசனின் இஞ்சினைக் கடலில் தள்ளு என்று சொன்ன வாய் என்னுடையது. நினைக்கவே கூசியது.

"இப்ப போய்ச் சொல்லு" என்றேன்.

"சொல்லுறன் சின்னம்மா. நானே சொல்லுறன். நீங்கள் சொல்லிப்போடாதையுங்கோ."

சரி என்றேன். அவன் போகவில்லை. முற்றம் வரை போய்த் திரும்பி வந்து படுத்துவிட்டான். இரவுச் சாப்பாட்டின்போதும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இவர் "கறி நல்லாயிருக்கு" என்றார்.

அடுத்த நாள் நிலம் வெளிக்கும் நேரம் இஞ்சின் சத்தத்தில் எழும்பினேன். இவர் எல்லாவற்றையும் பூட்டி முடித்திருந்தார். இரவு கொஞ்சம் காற்று அடித்து நிலம் குளிர்ந்திருந்தது. "தம்பி, உந்தக் கண்ணாடியை ஒருக்காக் கொண்டுவாரும், போட்டுப் பாப்பம்" என்று லவனைக் கூப்பிட்டார். எப்போதும் மரியாதையாகத்தான் அவனோடு கதைப்பார். லவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொட்டிலுக்குள் இருந்த மேசையில் துணி விரித்து, கண்ணாடியை வைத்து, வயரைத் தொடுத்து, சுவிச்சை அமத்தினான்.

'வேலணை.'

பால் போல வெள்ளையாக, சட்டென்று வந்தது எழுத்து. நான் "அம்மாளாச்சி!" என்றேன், என்னையறியாமல். அவன் சொன்னதெல்லாம் உண்மை. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் எங்கள் ஊர்ப் பெயர் அவ்வளவு வடிவாக இருந்தது. இவர் குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு லவனுடைய முகத்தைப் பார்த்தார். "நல்ல வேலை, தம்பி" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"எங்க போறியள்?" என்றேன்.

"அம்பலவாணரைக் கூட்டிக்கொண்டு வாறன். அவர் வந்து பாக்கட்டும்."

சைக்கிள் படலையைத் தாண்டினதும் நான் லவன்மேல் பாய்ந்தேன். "தான் திருத்தினதாலதான் எழுத்து வந்ததெண்டு நினைச்சுக்கொண்டு போகுது அந்த மனுசன். விளங்குதே உனக்கு? தன்னில பிழை எண்டு தானே போய்ச் சொல்லப் போகுது."

"அவர் வரட்டும் சின்னம்மா. அம்பலவாணர் ஐயாவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுறன்."

"நேற்றும் உப்பிடித்தான் சொன்னனீ."

வெயில் ஏறத் தொடங்கியது. அம்பலவாணர் கோயில் பூசை முடியாமல் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை முற்றத்துக்குப் போய் வரும்போதும் கால் சுட்டது. கொட்டிலின் தகரம் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. லவன் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து மங்கி மங்கி, ஒரு நேரத்தில் இல்லாமலே போய்விட்டது. பிறகுதான் அவன் சுவிச்சையும் இஞ்சினையும் நிற்பாட்டினான்.

அவர்கள் வரும்போது பதினொரு மணியாவது இருக்கும். அம்பலவாணர் குடையை மடித்துக்கொண்டு, "எங்க, பாப்பம்" என்று கொட்டிலுக்குள் நுழைந்தார். இவர் கயிற்றை இழுத்தார், இஞ்சின் பிடித்தது. லவன் சுவிச்சை அமத்தினான். கறுப்புத் துணிதான் தெரிந்தது.

அம்பலவாணர் கண்ணாடியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இதைப் பாக்கவே என்னை இந்த வெயிலுக்குள்ள இழுத்துக்கொண்டு வந்தனீ? உனக்கென்ன விசரே மார்க்கண்டு?"

இவர் லவனைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இஞ்சின் மட்டும் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம் ஐயா" என்றார் இவர். "என்ர இஞ்சின்தான் பிழை. திருவிழாவுக்கு நீங்கள் வேற ஆளைப் பிடியுங்கோ. நான் குறை நினைக்கமாட்டன்."

இதைக் கேட்டுக்கொண்டு எப்படிப் பொறுப்பது? அந்தப் பத்து நாளை அந்த மனுசன் தன் கையாலேயே தூக்கிக் கொடுக்கிறார், இவன் மரம் மாதிரி நிற்கிறான். "ஐயா..." என்று லவன் ஏதோ தொடங்கினான். இனி நீ என்ன நொட்டைச் சாட்டுச் சொல்லப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு, கிணற்றடிக்கு ஓடி, அள்ளி வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்குக் கீழே கிடந்த கறுப்புத் துணியை இழுத்தெடுத்து, வாளிக்குள் தோய்த்துப் பிழிந்து, மேசையில் போட்டு, அதன்மேல் கண்ணாடியை வைத்து அமத்திப் பிடித்தேன்.

"சின்னம்மா, வேண்டாம்" என்றான் லவன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூலையில் வெள்ளை படர்ந்தது. பிறகு 'வே'. பிறகு முழுப் பெயரும்.

"பாத்தியளே ஐயா!" என்று கத்தினேன். "இஞ்சின் அதே இஞ்சின். ஓடிக்கொண்டுதான் இருக்கு, காதில விழுதுதானே? வெக்கை தாங்கேலாத கண்ணாடி. இவனுக்கு மேடையிலேயே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் என்ர மனுசனை ஏச விட்டவன்!"

அம்பலவாணர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, லவனைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, நீர் எங்கட ஊர்ப் பிள்ளைதானே? உமக்கு எங்கட வெயில் தெரியாதே?"

சரியாக அதே சொல். அவன் எதற்குப் பயந்தானோ அதே சொல். லவன் முகம் செத்துப்போய்விட்டது. அவன் இவரிடம் வந்து கும்பிடுவது போலக் கையைத் தூக்கினான், தூக்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே போட்டான், வீட்டுக்குள் போனான். அம்பலவாணர் இருமினார். "அப்ப மார்க்கண்டு, திருவிழாவுக்கு வழக்கம்போல நீயே..." என்று தொடங்கி, முடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் இஞ்சினை நிற்பாட்டினார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்சமாவது முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் உப்பிடிச் செய்தனீர்?" என்றார்.

"ஏனோ? உங்களில பிழையில்லையெண்டு காட்ட வேண்டாமே? நீங்கள் திருத்தித்தான் எழுத்து வந்ததெண்டு நினைச்சுக்கொண்டு நிண்டியள். உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"நான் ஒண்டும் திருத்தேல்லை" என்றார். "பிரிச்சுப் பாத்தன், ஒரு பிழையும் இல்லை. கழட்டினதை அப்பிடியே பூட்டினனான். விடியப்புறம் எழுத்து வரேக்க விளங்கிட்டுது, பிழை எங்கையோ தம்பியின்ர பக்கம் எண்டு. என்ன பிழையெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அவருக்குத் தெரியும். முகத்தில தெரிஞ்சுது."

"தெரிஞ்சுகொண்டோ அந்தாளைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? தெரிஞ்சுகொண்டோ என்ர இஞ்சின்தான் பிழை எண்டு சொன்னனீங்கள்?"

"வேறென்ன செய்ய? அவர் தன்ர வாயால சொல்ல வேணும், கமலா. சொல்லாமல் போனா உந்தப் பாரத்தைக் காவிக்கொண்டு ஜப்பானுக்கெல்லே போக வேணும். நான் பழியை எடுத்தா அவருக்குப் பொறுக்காது, சொல்லிவிடுவார் எண்டு நினைச்சன். சொல்லத் தொடங்கினவர்தானே. 'ஐயா' எண்டவர். நீர் கேக்கேல்லையே?"

கேட்டேன். அந்த 'ஐயா'வைக் கேட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்கு ஓடினேன். இன்னும் ஒரு மூச்சு நான் பொறுத்திருந்தால் அவன் சொல்லியிருப்பானா, சொல்லாமல் விட்டிருப்பானா, இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னவன் என்று அவன் ஊரை விட்டுப் போயிருக்கலாம். பிடிபட்டவன் என்று போகிறான். அவனைப் பிடித்துக் கொடுத்தது அம்பலவாணர் இல்லை, ஊரும் இல்லை.

இவர் ஈரத் துணிமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து, தன் சாரத்தின் தலைப்பால் துடைத்து, என் கையில் தந்தார். "அவரிட்டைக் குடும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

உள்ளே அறைக்குள் லவன் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்கிறது. மத்தியான பஸ்ஸுக்குப் போகப் போகிறான். சோறு வடித்து வைத்திருக்கிறேன், அவனுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியும் இருக்கிறது. போய், சாப்பிட்டிட்டுப் போடா என்று சொல்ல வேண்டும். கதவடி வரை வந்துவிட்டேன். எந்த முகத்தோடு உள்ளே போவேன்?